கருணை மைனஸ் ஆறு

நான் வரைவேன், அவள் கீழே போடுவாள். எங்கள் இருவருக்கும் சம்பளம் கிடைத்தது இந்த வேலைக்குத்தான். ஒரு கண்ணாடி டம்ளரை வெளிச்சம், நிழல், விளிம்பில் ஒரு சின்னக் கீறல் எல்லாம் வைத்து அரை நாள் இழைத்து இழைத்து வரைந்து கொடுப்பேன். அதை வாங்கிக்கொண்டு போய் ஈவு இரக்கமில்லாமல் தள்ளிவிடுவாள். செல்ஃபோனில் விளையாடுகிற விளையாட்டு. திரையின் மேலே ஓர் அலமாரி இருக்கும். அதிலிருந்து வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விழும். கீழே ஒரு கூடை. அதை விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்தி, விழுவதைப் பிடிக்க வேண்டும். விட்டால் உடையும். மூன்று உடைந்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான். இதைப் போய் யார் விளையாடுவார்கள் என்று என் அம்மா கேட்டாள். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கழிப்பறையிலும் உட்கார்ந்து ஊரே விளையாடியது.

ஆபீஸில் அவளுக்கு 'ஈர்ப்பு' என்று பெயர். புவியீர்ப்பைப் பாதியாக வெட்டி வைத்த பெயர். பேர்தான் ஈர்ப்பு, கிட்டப் போனால் கடித்துக் குதறிவிடுவாள் என்று பையன்கள் சொல்வார்கள். அதிலும் பொய்யில்லை. அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். குள்ளமான உருவம், கொண்டையில் செருகிய பேனா, ஆபீஸுக்குள் ரப்பர் செருப்பு. அவள் மேசையைப் பார்த்தால் பழைய சாமான் கடை என்று நினைப்பீர்கள். ஓர் இரும்புச் சட்டி, இரண்டு பந்து, பிளாஸ்டிக் வாளி, ஓரம் போன தட்டு, ஒரு கட்டு ஸ்பூன். எதையாவது அசைய வைக்க வேண்டும் என்றால் முதலில் அதை நிஜமாகக் கீழே போட்டுப் பார்ப்பாள். நாற்காலி மேல் ஏறி நின்று போடுவாள். நான் ஃபோனில் படம் எடுக்க வேண்டும். பிறகு அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டு, எங்கே முதலில் இடித்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, எத்தனை முறை எகிறியது என்று கண்கொட்டாமல் பார்ப்பாள். எங்களுக்குக் கீழ்த் தளத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒருநாள் கையுறையோடு மாடி ஏறி வந்துவிட்டார்.

"ஏங்க, நான் கீழ பல்லு பிடுங்கறேன். நீங்க மேல என்னத்தைப் போட்டு உடைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வேலை பாக்கறோம் டாக்டர்," என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் நோயாளி இல்லாத நேரமாகக் கேட்டு வைத்துக்கொண்டு உடைத்தோம்.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜூஸ். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "ஜூஸ் பத்தல" என்பார். எங்கள் தொழிலில் அப்படி ஒரு பேச்சு உண்டு. பார்க்கிறவனுக்குக் கை துறுதுறுக்க வேண்டும், அடுத்தது அடுத்தது என்று மனசு பறக்க வேண்டும். அப்படி இருந்தால் ஜூஸ் இருக்கிறது, இல்லாவிட்டால் பத்தவில்லை. அந்த ஆள் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சிரித்த முகம், மென்மையான குரல், மடிப்புக் கலையாத சட்டை. கத்துகிறவனைக்கூட மன்னித்துவிடலாம். இப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் எனக்கு வயிறு எரியும்.

முதல் சண்டை தலையணையில் வந்தது. தலையணையும் இரும்புச் சட்டியும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் கூடைக்கு வந்து சேர்வதை ஜூஸ் பார்த்துவிட்டார்.

"என்ன இது, ரெண்டும் ஒண்ணா வருது?"

"ஒண்ணாத்தான் சார் வரும்."

"இரும்பு கனம்ங்க. கனமா இருந்தா வேகமா விழும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்படித் தப்பாத் தெரிஞ்சு வச்சிருக்கறதாலதான் சார் சின்னப் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பறாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்தால் மாட்டிக்கொள்வேன். அவளோ அதோடு விடவில்லை. அவர் நாற்காலியிலிருந்தே மெத்தையை உருவிக்கொண்டு, இன்னொரு கையில் சட்டியைப் பிடித்துக்கொண்டு, மேசை மேல் ஏறி நின்று இரண்டையும் ஒரே சமயத்தில் விட்டாள். ஒன்று தொப்பென்றும் ஒன்று ணங்கென்றும் ஒன்றாகவே தரைக்கு வந்தன. ஜூஸ் மெத்தையை எடுத்துத் தூசி தட்டினார்.

"நிஜம் யாருக்கு வேணும்? விளையாடறவன் நம்பணும், அவ்வளவுதான்."

"நம்ப வைக்கிறேன். ஆனா பொய் சொல்லி வைக்கமாட்டேன்."

வைத்தும் காட்டினாள். கனம் விழும்போது தெரியாது, விழுந்த பிறகுதான் தெரியும் என்று என்னிடம் சொன்னாள். சட்டி கூடைக்குள் வந்ததும் கூடை சட்டென்று ஒரு விரல்கடை இறங்கி ஏறும். சட்டி அரைகுறையாக ஒரு தடவை எகிறி அப்படியே உட்கார்ந்துவிடும். தலையணை வந்தால் தட்டையாகப் படிந்து, பிறகு பெருமூச்சு விட்டதுபோல உப்பும். டம்ளர் சுற்றிக்கொண்டே வந்து, கூடைக்குள் இரண்டு தரம் உருண்டு, சுவரில் சாய்ந்து நிற்கும். பார்த்தவர்கள் எல்லாரும் சட்டிதான் வேகமாக விழுகிறது என்று சத்தியம் செய்தார்கள். ஜூஸும் அப்படித்தான் சொன்னார். "இப்போ சரியா இருக்கு. மாத்திட்டீங்க போல," என்றார். விழுகிற வேகத்தில் அவள் ஒரு புள்ளிகூட மாற்றியிருக்கவில்லை.

இனி கருணை. இந்தக் கதையில் வில்லங்கம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

கூடையை நான் வரைந்தேன். அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் விளையாட்டை அந்த விளிம்போடு கறாராக நிறுத்திவிட்டால் விளையாடுகிறவன் நொந்துபோவான். விரல் திரையை மறைக்கிறது, கண் ஒரு நொடி பிந்துகிறது, பஸ் குலுங்குகிறது. பிடித்துவிட்டேன் என்று அவன் மனசார நினைக்கும்போது உடைந்தால், யாரோ ஏமாற்றிவிட்டதாகத்தான் தோன்றும். அதனால் ஈர்ப்பு ஒரு காரியம் செய்திருந்தாள். விளிம்பை உரசிக்கொண்டு வருகிற பொருளைக் கூடை தன் பக்கம் லேசாக இழுத்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத இழுப்பு. ரொம்பத் தள்ளி வந்தால் இழுக்காது. பாவம், நெருங்கிவிட்டான், போகட்டும் என்கிற அளவுக்குத்தான் இழுக்கும். அந்த அளவுக்கு ஒரு எண் வேண்டும். எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், வார்த்தை நம்முடையதாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு என்ன போச்சு என்று, 'கருணை' என்று பெயர் வைத்தாள்.

அதிலிருந்து ஆபீஸ் முழுக்க அந்தப் பேச்சுத்தான். "இந்தக் கட்டத்துல கருணை எவ்வளவு?" "எட்டு." "டம்ளருக்கு எட்டு ரொம்ப ஜாஸ்தி, அஞ்சு போதும்." வெளியாள் யாராவது கேட்டால் ஏதோ ஆன்மிகச் சொற்பொழிவு நடக்கிறது என்று நினைப்பான். ஜூஸுக்கும் பிடித்துப்போனது. ஒவ்வொரு தடவையும் அவளிடம் வந்து மாற்றச் சொல்வதற்குப் பதிலாக, தன் மேசையிலிருந்தே அந்த எண்ணைக் கூட்டிக் குறைக்க வழி செய்துகொடுக்கச் சொன்னார். யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக வைக்கவும் வழி கேட்டார். புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கூட வைக்கலாமே என்றார். நியாயமாகத்தான் இருந்தது. செய்துகொடுத்தாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பெரிய பஸ், ஊருக்குள் ஓடுவது. ஆள் பேச்சில் கெட்டிக்காரர். "நாள் பூரா அவ போடுவா, சாயந்திரம் நான் பிடிப்பேன். எங்க குடும்பம் இப்படித்தாம்மா ஓடுது," என்று என்னிடம் ஃபோனைக் காட்டிச் சிரிப்பார். அவருக்கு இடது கையில் நரம்பு அழுந்தி, விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்தார்கள். வண்டியிலிருந்து இறக்கி, குணமானதும் சொல் என்று லீவில் அனுப்பினார்கள். கை நன்றாக ஆறிவிட்டது, இனி பழக்கம்தான் வேண்டும், ஃபோனில் ஏதாவது விளையாடிக்கொண்டே இருங்கள், விரல் தானாக வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. வீட்டில் சும்மா உட்கார்ந்து பெண்டாட்டி செய்த விளையாட்டை விளையாட, டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திரும்ப வண்டி எடுப்பதற்கு முன்னால் டெப்போவில் ஒரு டெஸ்ட் உண்டு. முன்னால் விளக்கு எரிந்ததும் கையும் காலும் எவ்வளவு சீக்கிரம் போகின்றன என்று பார்ப்பார்கள். அவருக்கு அதுதான் உயிர். சின்ன வயதிலிருந்து ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை. வேறு வேலை தெரியாது என்பது இருக்கட்டும், வேறு வேலையில் தன்னை நினைத்துப் பார்க்கவே அவருக்குத் தெரியாது. வீட்டில் சோறு சாப்பிட உட்கார்ந்தால்கூட பக்கத்தில் இருக்கிறவர்களை "உள்ள தள்ளி உக்காருங்க" என்பார்.

இடது கையால் மட்டும் விளையாடினார். முதலில் தடுமாறினார், பிறகு தேறினார். இன்றைக்கு எந்தக் கட்டம் வந்தேன் என்று சாயந்திரம் அவளிடம் சொல்வார். அவள் மறுநாள் என்னிடம் சொல்வாள். "நேத்து இரும்புச் சட்டியா மழை கொட்டற கட்டம் முழுசும் பிடிச்சாராம்டி, ஒண்ணுகூட விடலையாம்," என்று அவள் சொன்னபோது முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் அந்த ஆபீஸில் பார்த்ததில்லை. அவருக்கு அது விளையாட்டாக இல்லை, கையைச் சோதிக்கிற கருவியாகிவிட்டது. இத்தனை பிடித்தால் இவ்வளவு கை வந்துவிட்டது என்று அவரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் சொல்வது நின்றுபோனது. அவளாகக் கேட்டால், "விடு, அலுத்துப்போச்சு," என்றார். பிறகு எரிச்சல் பட ஆரம்பித்தார். தண்ணீர் செம்பை இடது கையால் எடுத்தவர் வலது கைக்கு மாற்றிக்கொண்டார். சட்டைப் பொத்தானைக்கூட வலது கையாலேயே போட்டார். ஒருநாள் அவள் எதையோ பிடிக்கச் சொல்லி நீட்ட, "என் கையில எதையும் கொடுக்காத, கீழ போட்டுடுவேன்," என்று கத்தியிருக்கிறார். அவளும் சும்மா இருப்பாளா? பதிலுக்குக் கத்தியிருக்கிறாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"கை நல்லா ஆயிட்டுதுன்னுதான் டாக்டர் சொல்றார். இவருக்குத்தான் மனசு இல்ல. வீட்ல உட்கார்ந்து ருசி கண்டுட்டார்."

நானும் ஆமாம் போட்டேன். ஆம்பிளைகளுக்கு லீவு ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ சொன்னேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் டெப்போ பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தார். ஃபோனை மறந்து வைத்துவிட்டார். துணி காயப்போட்டுவிட்டு வந்தவள் அதை எடுத்து, சும்மா இரண்டு ஆட்டம் ஆடலாம் என்று உட்கார்ந்தாள். அவர் பாதியில் விட்ட கட்டத்திலிருந்து ஆரம்பித்தது. டம்ளர் ஒன்று வந்தது. கூடையை வைத்தாள். விளிம்புக்குச் சற்று உள்ளேதான் வருகிறது, விழுந்துவிடும் என்று அடுத்ததைப் பார்க்கப் போனாள். டம்ளர் உடைந்தது. இன்னொன்று வந்தது. அதுவும் உடைந்தது. மூன்றாவதை அவள் கூடையை அசைக்காமல் கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தாள். கூடைக்குக் கிட்டே வந்த டம்ளர், கடன் கொடுத்தவன் எதிரே வந்தால் வாங்கியவன் ஒதுங்குவதுபோல, லேசாக ஒதுங்கி வெளியே போய் விழுந்தது.

எந்தப் பொருள் எங்கே விழும் என்பது அவளுக்கு அவள் வீட்டு மாடிப்படிபோல. விளக்கில்லாமல் இறங்குவாள். இந்த டம்ளரை அவள் செய்யவில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தன் ஃபோனில் ஆடிப் பார்த்தாள். ஒழுங்காக விழுந்தது. தான் எழுதிய புரோகிராமில்தான் ஏதோ பிசகு, பழைய ஃபோனில் மட்டும் வருகிறதோ என்னமோ என்று நினைத்து, அவரிடம் ஒன்றும் சொல்லாமல், காலையில் அவர் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள்.

இரண்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடினாள். நான் மூன்றாவது ஃபோனில் படம் எடுத்தேன். வழக்கமாக நிஜச் சாமானைப் படம் எடுப்போம், அன்றைக்கு எங்கள் சாமானையே எடுத்தோம். மெதுவாக ஓடவிட்டால் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவள் ஃபோனில் விளிம்புக்கு வந்த டம்ளர் மெல்ல உள்பக்கம் சாய்கிறது. அவர் ஃபோனில் அதே இடத்துக்கு வந்த டம்ளர் மெல்ல வெளிப்பக்கம் சாய்கிறது. நான் வரைந்த அதே டம்ளர், அதே கீறல். எனக்கே அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டித் தேடினாள். ஓர் இடத்தில் நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பினாள். அவர் கணக்குக்கு நேரே கருணை என்று போட்டு, மைனஸ் ஆறு என்று இருந்தது.

ஜூஸின் அறைக்குள் நாங்கள் இருவரும் கதவைத் தட்டாமல் போனோம். படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் ஒரு தடவை பார்த்தார். திடுக்கிடவில்லை, வியக்கவும் இல்லை. நன்றாக வந்திருக்கிறதே என்று பார்க்கிற பார்வை.

"உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டம்ளர் ஏன் சார் நகருது?"

"அது தப்பு இல்லீங்க, ஏற்பாடு. ரொம்ப நாளா தினமும் விளையாடறாங்க, ஒரு பைசா செலவு பண்றதில்ல. அப்படிப்பட்டவங்களுக்கு மட்டும்தான் வச்சிருக்கேன். மயிரிழையில தவறின மாதிரி இருக்கணும். தூரமா விழுந்தா விட்டுட்டுப் போயிடுவான். மயிரிழைன்னா இன்னொரு தடவை ஆடுவான். இன்னொரு தடவைக்கு விளம்பரம் பாக்கணும், இல்ல காசு கட்டணும். முதல்ல ஜீரோ வச்சுப் பாத்தேன், பெருசா ஒண்ணும் தேறல. சும்மா மைனஸ் போட்டுப் பாத்தேன். பிரமாதமா வேலை செய்யுது."

"கருணை மைனஸ்ல போகுமா சார்?"

"போகுதே. நீங்கதானே எழுதினீங்க? போகக்கூடாதுன்னா ஒரு வரி போட்டுத் தடுத்திருக்கணும். போடலையே."

உண்மைதான், அந்த ஒரு வரியை அவள் எழுதவில்லை. வேகம் இதற்கு மேல் போகக்கூடாது, கூடை திரைக்கு வெளியே போகக்கூடாது, எகிறல் இத்தனைக்கு மேல் வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் வேலி கட்டியவள், கருணைக்குக் கட்டவில்லை. யாருக்கையா தோன்றும்? கருணை கொஞ்சமாக இருக்கும், நிறைய இருக்கும், சில பேரிடம் சுத்தமாக இருக்காது. பூஜ்யத்துக்குக் கீழேயும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டுமானால் அதற்கு ஜூஸ் மாதிரி ஒரு மூளை வேண்டும். அப்படி ஒரு மூளை இல்லாதது இவள் தப்பாம்.

"அது என் வீட்டுக்காரர் ஃபோன் சார்," என்றாள் கடைசியில்.

"அடடா. முன்னாடியே சொல்லியிருந்தா அவரை மட்டும் எடுத்துவிட்டிருப்பேனே. இப்போ எடுத்துடறேன், இருங்க."

சொல்லிவிட்டு நிஜமாகவே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். உதவி செய்கிறாராம். அந்த முதுகைப் பார்த்தபோது என் கையில் இரும்புச் சட்டி இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

"அவரை மட்டும் இல்ல சார். எல்லாருக்கும் எடுங்க."

"எல்லாருக்கும் எடுத்தா அப்புறம் எல்லாரும் எங்க சாப்பிடறது? நீங்களும்தானே சாப்பிடறீங்க?"

"அவர் கையில ஆபரேஷன் ஆயிருக்கு. கை வந்துடுச்சான்னு இதுல பாத்துட்டு இருந்திருக்கார். இதே மாதிரி எத்தனை பேர் எதை எதைப் பாத்துட்டு இருக்காங்களோ, உங்களுக்குத் தெரியுமா?"

"விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கணுங்க," என்று அவர் இதமாகச் சொன்னார்.

அவள் தன் இடத்துக்கு வந்து அந்த ஒரு வரியை எழுதினாள். பூஜ்யத்துக்குக் கீழே போகாதே என்று ஒரே ஒரு வரி. ஆனால் அதை வெளியே விட ஜூஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் அனுப்பினாள்; 'இப்போ வேண்டாம்' என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி திரும்பி வந்தது, கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்றோடு. அவள் வாளியை எடுத்து, பந்து, ஸ்பூன், ஓரம் போன தட்டு, சட்டி எல்லாவற்றையும் அதற்குள் போட்டாள். கொண்டையிலிருந்த பேனா கம்பெனிப் பேனா. அதை உருவி மேசை மேல் வைத்தாள். தலைமுடி அவிழ்ந்து விழ, வாளியோடு படி இறங்கினாள். நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பல் டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், வாளியைப் பார்த்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கினார்.

வழி நெடுக அவளுக்குப் பேச்சு ஓயவில்லை. "இதைச் சொன்னா போதும்டி, அவருக்கு உயிர் வந்துடும். கை நல்லாத்தான் இருந்திருக்கு. பாவி மனுஷனை நான் வேற வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நாளைக்கே டெஸ்டுக்குக் கிளம்பிப் போகச் சொல்றேன்." கோபத்துக்கு நடுவில் சந்தோஷமும் வந்து வந்து போனது. ஜூஸைத் திட்டிக்கொண்டே வேகவேகமாக நடந்தாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவர் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். தொட்டியில் குனிந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் கருப்பு கிரீஸ். லீவில் இருக்கிற மனுஷன் கையில் கிரீஸ் எப்படி வந்தது என்று எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், வாளியைத் தரையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். டம்ளர், மைனஸ் ஆறு, ஜூஸ், ஒரு வரி, எல்லாம். எடுத்த படத்தைக் காட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். ஒரு தடவை பார்த்தார். திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தார். இடது கையால்தான் பிடித்திருந்தார், கை கொஞ்சங்கூட ஆடவில்லை.

"பாத்தீங்களா? உங்க கை நல்லா இருக்கு. நாளைக்குப் போய் டெஸ்டைக் கொடுத்துட்டு வாங்க."

"டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு போச்சு," என்றார்.

"எப்போ போனீங்க?"

"போன வாரம் கூப்பிட்டாங்க. போனேன். உட்காரச் சொன்னாங்க. நான் உட்காரல. கை வரலைங்க, இனிமே வராதுங்கன்னு சொல்லிட்டேன்."

"டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கார். நீங்களா எப்படிச் சொல்லுவீங்க?"

"டாக்டரா பஸ் ஓட்டப் போறார்? பின்னாடி அம்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க. ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாத கையை வச்சுக்கிட்டு நான் அவங்களை ஏத்திக்கிட்டுப் போகணுமா?"

முடியாது என்று தானே சொன்ன டிரைவரை மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார வைப்பதில்லை என்பது டெப்போவின் சட்டம். யோசிச்சுத்தான் சொல்றியா என்று அதிகாரி இரண்டு முறை கேட்டிருக்கிறார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வொர்க்‌ஷாப்பில் கழற்றிய சாமான்களைத் துடைத்து அடுக்குகிற வேலைக்குப் போட்டுவிட்டார்கள். அவள் ஆபீஸுக்குப் போன பிறகு கிளம்பி, அவள் வருவதற்குள் வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் போயிருக்கிறார்.

அவள் அவர் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து அவர்மேல் எறிந்தாள்.

"கிளம்புங்க. இப்பவே போவோம். நானும் வரேன். இந்தப் படத்தைக் காட்டுவோம்."

"காட்டி? என்ன சொல்லுவ, டம்ளர் நகர்ந்துடுச்சுன்னா?"

"ஆமா, அதைத்தான் சொல்லுவேன். ஏமாத்தியிருக்காங்கன்னு சொல்லுவேன். ஏங்க, இத்தனை உடைஞ்சுதே, ஒரு தடவையாவது இந்த விளையாட்டுல ஏதோ கோளாறுன்னு உங்களுக்குத் தோணலையா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் தன்மேல் வந்து விழுந்த சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. மெதுவாக நான்காக மடித்தார், இரண்டு கையாலும். மூலை மூலையாகச் சரி பார்த்து மடித்தார். அவருக்கும் கோபம் வந்திருந்தது என்பது குரல் எழும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"வேற எவன் செஞ்சதா இருந்தாலும் முதல் நாளே திருட்டு விளையாட்டுன்னு தூக்கி எறிஞ்சிருப்பேன். இது நீ செஞ்சது. நீ போட்டா நேராத்தான் விழும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் என் கையை நம்பல."